பதினைந்து மாத நர்ஸிங் பட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேறு துறையில் பட்டம் வாங்கியவர்கள் குறுகிய காலத்தில் நர்ஸ் ஆவதற்கு அமெரிக்காவில் ஏ.பி.எஸ்.என். என்று ஒரு படிப்பு இருக்கிறது. அதை நான் 34 வயதில், இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு, 15 மாதத்தில் முடித்தேன். ஊரில் நான் படித்தது உயிர்வேதியியல். இப்போது டெலிமெட்ரி வார்டில், அதாவது நோயாளிகளின் இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே இருக்கும் பிரிவில் வேலை. கோயிலில், பிறந்தநாள் விழாவில், வாட்ஸ்அப்பில் என்று எங்கே பார்த்தாலும் நம் ஆட்கள் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஏ.பி.எஸ்.என். என்றால் சரியாக என்ன?

நான்கு வருட பி.எஸ்.என். (நர்ஸிங் இளங்கலை) பட்டத்தில் பொதுப் பாடங்களைக் கழித்துவிட்டு, நர்ஸிங் பாடங்களை மட்டும் நெருக்கிப் பிடித்து நடத்துவது. 1971-லேயே செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் இப்படி ஒன்றைத் தொடங்கியது, இன்று நாடு முழுக்க இருக்கிறது. பெரும்பாலும் 11 முதல் 18 மாதம். முடித்தால் கிடைப்பது அதே பி.எஸ்.என். பட்டம், எழுதுவது நர்ஸ் உரிமத்துக்கான அதே என்க்லெக்ஸ் தேர்வு, வாங்குவது அதே ஆர்.என். (பதிவுபெற்ற நர்ஸ்) உரிமம். நர்ஸிங் பாடத்தில் எதையும் குறைக்க மாட்டார்கள். கோடை விடுமுறையையும் மூச்சு விடும் நேரத்தையும்தான் குறைப்பார்கள்.

உண்மையிலேயே அவ்வளவு கஷ்டமா? ஒரு வாரம் எப்படி இருக்கும்?

கஷ்டம்தான். ஆனால் எந்த வகைக் கஷ்டம் என்பது முக்கியம். தனித்தனியாக எடுத்தால் எந்தப் பாடமும் புரியாத அளவுக்குக் கடினம் கிடையாது, இதயம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வாரம் உட்கார்ந்து படித்தால் யாருக்கும் புரியும், ஆனால் அந்த ஒரு வாரம்தான் உங்களிடம் இருக்காது.

என் இரண்டாவது செமஸ்டரின் ஒரு வாரத்தைச் சொல்கிறேன். திங்கள் காலை எட்டு மணிக்கு மெட்-சர்ஜ் (பெரியவர்களுக்கான பொது மருத்துவ, அறுவை சிகிச்சை நர்ஸிங்) பரீட்சை, அது முடிந்து அரை மணி நேரத்தில் அடுத்த அத்தியாயத்தின் வகுப்பு. செவ்வாய் மனநல நர்ஸிங்கும் மருந்தியலும். புதன் திறன் பயிற்சி அறை: அன்று சிறுநீர்க் குழாய் செருகுவதை ஆசிரியர் முன்னால் தொற்று இல்லாத முறையில் செய்து காட்டவேண்டும், கையுறை ஒரு முறை மேசை விளிம்பில் பட்டால் மறுபடி முதலிலிருந்து. வியாழனும் வெள்ளியும் கிளினிக்கல், அதாவது மருத்துவமனையில் பன்னிரண்டு மணி நேர நேரடிப் பயிற்சி. சனிக்கிழமை, பார்த்த நோயாளிக்கான கேர் பிளான் (பராமரிப்புத் திட்டம்) எழுதுவது. ஞாயிறு, அடுத்த திங்கள் பரீட்சைக்குப் படிப்பது. இதற்கு நடுவில் வாரத்துக்கு 200, 300 பக்கம் வாசிக்கச் சொல்லிப் பட்டியல் கொடுத்திருப்பார்கள்.

எல்லாவற்றையும் செய்ய முடியாது, யாராலும் முடியாது. இதை முதல் மாதத்திலேயே ஒத்துக்கொண்டவர்கள் தப்பித்தார்கள். ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு பரீட்சையில் தோற்கவேண்டியிருந்தது.

நான் ஊரில் நன்றாகப் படித்தவள், ரேங்க் எடுத்தவள். சமாளித்துவிட மாட்டேனா?

நானும் இதைத்தான் நினைத்தேன், அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

நாம் படித்து வளர்ந்த முறை என்ன? புத்தகத்தை வரிவரியாக வாசி, முக்கியமானதை அடிக்கோடு போடு, மனப்பாடம் செய், பரீட்சையில் கொட்டு. அதில் நாம் கெட்டிக்காரர்கள். ஆனால் நர்ஸிங் பரீட்சையில் நிமோனியாவின் அறிகுறிகளை எழுதச் சொல்லிக் கேட்பதில்லை. இப்படிக் கேட்பார்கள்: உங்களிடம் நான்கு நோயாளிகள். ஒருவருக்கு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள், வலி பத்துக்கு ஏழு என்கிறார். இன்னொருவர் சர்க்கரை நோயாளி, காலைச் சர்க்கரை 220. மூன்றாமவர் நிமோனியாவுக்குச் சேர்ந்தவர், நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று காலை குழம்பிப் போய் படுக்கையை விட்டு எழுந்திருக்கப் பார்க்கிறார். நான்காமவர் வீட்டுக்குப் போகத் தயாராகக் காத்திருக்கிறார். யாரை முதலில் பார்ப்பீர்கள்?

வலி என்றவுடன் மனசு முதலாமவரிடம் ஓடும். ஆனால் போகவேண்டியது மூன்றாமவரிடம். திடீர்க் குழப்பம் மூளைக்கு ஆக்ஸிஜன் குறைவதன் ஆரம்ப அடையாளமாக இருக்கலாம், வலியும் 220 சர்க்கரையும் பத்து நிமிடம் பொறுக்கும், மூச்சு பொறுக்காது. நான்கு பேருக்குமே கவனிப்பு தேவை, நான்கு விடைகளிலுமே கொஞ்சம் உண்மை இருக்கிறது. எது முதலில் என்பதுதான் கேள்வி. மனப்பாடம் இங்கே பாதி வழிதான் வரும்.

எனக்கு மருந்தியல் முதல் பரீட்சையில் 68 வந்தது. எங்கள் பள்ளியில் தேர்ச்சி 78. மூன்று இரவு விழித்து முழு அத்தியாயத்தையும் இரண்டு முறை வாசித்துவிட்டுப் போய் வாங்கிய 68 அது. வாழ்க்கையில் முதல் தடவை ஃபெயில் மார்க். கார் நிறுத்துமிடத்தில் அரை மணி நேரம் அழுதேன், அப்புறம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நேரமாகிவிட்டதால் கிளம்பினேன்.

அப்படியானால் எப்படித்தான் படிப்பது?

கேள்விகளிலிருந்து தொடங்குங்கள். அத்தியாயத்தை முடித்துவிட்டுக் கேள்விக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள், அத்தியாயம் முடியவே முடியாது. வகுப்புக்கு முன் தலைப்புகளையும் அட்டவணைகளையும் அரை மணி நேரம் புரட்டுங்கள், வகுப்பைக் கவனியுங்கள், அன்று மாலையே அந்தத் தலைப்பில் இருபது முப்பது பயிற்சிக் கேள்விகள் போடுங்கள். தப்பாகும், நிறையவே தப்பாகும், பரவாயில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே விளக்கம் இருக்கும், சரியாகப் போட்டதற்கும் அந்த விளக்கத்தை வாசியுங்கள், ஏனென்றால் பல சமயம் சரியான விடையைத் தவறான காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்திருப்போம். எங்கே தப்புகிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் புத்தகத்தில் போய் வாசியுங்கள்.

இன்னொன்று, புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பார்ப்பது. திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதுதான் மனதில் நிற்கும் என்பது கற்றல் ஆராய்ச்சிகளில் பல முறை நிரூபணமான விஷயம். நான் பாத்திரம் கழுவும்போது ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு இதயச் செயலிழப்பு என்றால் என்ன, கால் ஏன் வீங்குகிறது, ராத்திரி படுத்தால் ஏன் மூச்சு முட்டுகிறது என்று தமிழில் சொல்வேன். அம்மா பத்தாவது வரை படித்தவர். அவருக்குப் புரிந்தால் எனக்குப் புரிந்தது என்று அர்த்தம், "அப்போ ஏன் உப்பைக் குறைக்கச் சொல்றாங்க?" என்று அவர் கேட்டு எனக்குப் பதில் தெரியாவிட்டால் அதுதான் அன்று ராத்திரி நான் படிக்கவேண்டிய பக்கம். தமிழில் யோசிப்பது உங்களைப் பின்னுக்கு இழுக்காது. தைரியமாகச் செய்யுங்கள்.

அழகான வண்ண நோட்டுகள் எழுதுவதை விட்டுவிடுங்கள். வகுப்பில் பலர் மணிக்கணக்கில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். கை வலித்ததுதான் மிச்சம்.

மருந்துகளின் பெயர்களை எப்படி நினைவில் வைப்பது?

ஒவ்வொரு மருந்தாகப் படிக்காமல் குடும்பம் குடும்பமாகப் படியுங்கள். பெயரின் வால் தான் குடும்பப் பெயர். "ஒலோல்" என்று முடிந்தால் (மெட்டோப்ரோலோல், அட்டெனோலோல்) பீட்டா தடுப்பான், துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும், அதனால் கொடுப்பதற்கு முன் இரண்டையும் பார்க்கவேண்டும். "ப்ரில்" என்று முடிந்தால் அதுவும் ரத்த அழுத்த மருந்து, வறட்டு இருமல் வரலாம், உதடோ நாக்கோ வீங்கினால் அவசரம், பொட்டாசியம் ஏறலாம். "சார்டான்" அதற்கு அண்ணன் தம்பி மாதிரி, இருமல் தொல்லை குறைவு. "ஸ்டாட்டின்" என்றால் கொழுப்பு, தசை வலி வந்தால் கேட்கவேண்டும்.

எனக்கு உதவியது என்னவென்றால், அப்பாவின் மாத்திரை டப்பா. டெல்மிசார்டான், மெட்ஃபார்மின், அட்டார்வாஸ்டாட்டின், எல்லாம் அதிலேயே இருந்தன. தெரிந்த ஒருவர் சாப்பிடும் மருந்து மறப்பதில்லை.

நம் ஊரில் படித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சில மருந்துகளுக்கு இங்கே வேறு பெயர். பாராசிட்டமால் இங்கே அசிட்டமினோஃபென், சால்புட்டமால் இங்கே ஆல்பியூட்டரால், அட்ரினலின் என்பது எபிநெஃப்ரின். முதல் வாரத்திலேயே இந்தப் பட்டியலைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

பக்க விளைவுகள் இருபது இருக்கும், இருபதையும் படிக்காதீர்கள். ஆளைக் கொல்லக்கூடியது எது, மருந்தைக் கொடுக்காமல் நிறுத்திவைக்க வேண்டியது எப்போது, கொடுப்பதற்கு முன் எதைப் பார்க்கவேண்டும், இந்த மூன்று போதும் முதல் சுற்றுக்கு. டிஜாக்ஸின் என்ற இதய மருந்து என்றால் ஸ்டெதஸ்கோப்பை இதயத்தின் மேல் வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ணு, பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடு. பொட்டாசியத்தை ரத்தக் குழாயில் நேரடியாக ஒருபோதும் தள்ளாதே. இப்படி.

மருந்துக் கணக்குப் பரீட்சை பயமாக இருக்கிறது.

நம் ஆட்களுக்கு இது எளிதான மதிப்பெண். பல பள்ளிகளில் 90 அல்லது 100 சதவீதம் வாங்கினால்தான் மருத்துவமனைக்குள்ளேயே விடுவார்கள், அதனால் எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆனால் உள்ளே இருப்பது பெருக்கலும் வகுத்தலும்தான். 500 மி.லி. பையில் 25,000 யூனிட் ஹெப்பாரின் இருக்கிறது, மணிக்கு 1,000 யூனிட் போகவேண்டும், பம்ப்பை எத்தனையில் வைப்பது? ஒரு மி.லி.யில் 50 யூனிட், அப்போ மணிக்கு 20 மி.லி. அவ்வளவுதான்.

தவறு வருவது கணக்கில் இல்லை, எழுதுவதில். புள்ளிக்கு முன் பூஜ்ஜியம் கட்டாயம் (0.5), முழு எண்ணுக்குப் பின் புள்ளி பூஜ்ஜியம் கூடாது (5.0 என்று எழுதினால் அவசரத்தில் 50 என்று படித்துவிடுவார்கள்). விடையை எத்தனை தசம இடத்துக்கு முழுமையாக்க வேண்டும் என்று கேள்வியில் இருக்கும், அதை முதலில் படியுங்கள். பவுண்டை 2.2-ஆல் வகுத்தால் கிலோ.

கிளினிக்கல் நாளில் என்ன எதிர்பார்க்கலாம்? அன்று படிக்க நேரம் கிடைக்குமா?

கிடைக்காது. அன்று படிக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள், ஏமாற்றம்தான் மிஞ்சும். நான் நாலே முக்காலுக்கு எழுந்து ஆறரைக்கு அங்கே இருப்பேன். ஏழு மணிக்கு இரவு நர்ஸ் பகல் நர்ஸிடம் ரிப்போர்ட் கொடுப்பார், அதைக் கூட நின்று கேட்கவேண்டும். பிறகு நோயாளியைத் தலை முதல் கால் வரை பரிசோதிப்பது, மருந்துகளை ஆசிரியர் பக்கத்தில் நிற்க ஒவ்வொன்றாக விளக்கிவிட்டுக் கொடுப்பது, குளிப்பாட்டுவது, நடக்க வைப்பது, எழுதி வைப்பது. வீட்டுக்கு வர இரவு எட்டாகும். குளித்து, சாப்பிட்டு, படுங்கள்.

நேரத்தை மிச்சம் பிடிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கேர் பிளானுக்குத் தேவையானவற்றை (ரத்தப் பரிசோதனை எண்கள், மருந்துப் பட்டியல், நோய் வரலாறு, உங்கள் பரிசோதனையில் கண்டது) மதிய உணவு இடைவேளைக்குள்ளேயே பெயரோ அறை எண்ணோ இல்லாமல் ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை உட்கார்ந்து "அவருக்கு பொட்டாசியம் எவ்வளவு இருந்தது" என்று யோசிப்பதில்தான் எனக்கு மணிக்கணக்காகப் போனது. மருத்துவமனைக் கணினியை வீட்டிலிருந்து பார்க்க முடியாது.

நல்ல ஷூவும் அழுத்தக் காலுறையும் செலவு இல்லை, அவசியம். ஸ்டெதஸ்கோப் நடுத்தரமானது போதும்.

நர்ஸுகள் சிலர் மாணவர்களிடம் கடுகடு என்று இருப்பார்கள். அவர்களுக்கு அன்று ஐந்து அல்லது ஆறு நோயாளிகள் இருப்பார்கள், அதற்கு மேல் நீங்கள். காலையிலேயே போய், "இன்று நான் இவற்றைச் செய்யலாம், இவற்றை என்னால் செய்ய முடியாது" என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் பாதி இறுக்கம் போய்விடும்.

சேர்வதற்கு முன்பே என்ன செய்து வைத்தால் பாரம் குறையும்?

உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் போன்ற முன்தேவைப் பாடங்கள் கேட்பார்கள். அறிவியல் பாடங்கள் ஐந்து அல்லது ஏழு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் பல பள்ளிகள் ஏற்பதில்லை, நான் ஊரில் படித்தவற்றைப் பள்ளி ஏற்கவில்லை, கம்யூனிட்டி காலேஜில் மறுபடி படித்தேன். அப்போது எரிச்சலாக இருந்தது. ஆனால் சிறுநீரகமும் இதயமும் தலையில் புதிதாக இருந்ததுதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. இந்த முன்தேவைகளை மெதுவாக, வருடக்கணக்கில்கூட, ஒவ்வொன்றாக முடிக்கலாம். அங்கே அவசரப்படாதீர்கள். ஊர்ச் சான்றிதழ்களை இங்குள்ள மதிப்பீட்டு நிறுவனம் வழியாக அனுப்பவும் நாள் பிடிக்கும், முன்கூட்டியே தொடங்குங்கள்.

அப்புறம் தடுப்பூசிக் காகிதங்கள். ஹெப்பட்டைட்டிஸ் பி மூன்று தவணையாகப் போட்டால் ஆறு மாதம் ஆகும், கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். அம்மை, தட்டம்மைக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். காசநோய்ப் பரிசோதனையில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நமக்குச் சின்ன வயதில் பி.சி.ஜி. ஊசி போட்டிருப்பார்கள், தோளில் தழும்புகூட இருக்கும். அதனால் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையில் நோய் இல்லாமலேயே பாசிட்டிவ் காட்டலாம், பிறகு எக்ஸ்ரே, கடிதம் என்று அலைச்சல். குவான்டிஃபெரான் என்ற ரத்தப் பரிசோதனையை பி.சி.ஜி. பாதிக்காது. நேராக அதையே கேளுங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாமா? செலவுக்கு என்ன வழி?

முழுநேர வேலை வேண்டாம். பகுதி நேரமும் முதல் செமஸ்டரில் வேண்டாம். என் வகுப்பில் வார இறுதியில் நர்ஸிங் உதவியாளராக வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள், அனுபவம் நல்லதுதான், ஆனால் தூக்கத்தை விற்று வாங்கிய அனுபவம்.

பணம்தான் இந்தப் படிப்பில் உண்மையான தடை என்று நான் நினைக்கிறேன். ஏற்கனவே இளங்கலைப் பட்டம் இருப்பதால் பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகை கிடைக்காது. கூட்டாட்சி மாணவர் கடன் குடிமக்களுக்கும் பச்சை அட்டை உள்ளவர்களுக்கும் கிடைக்கும், ஆனால் இளங்கலைப் படிப்புகளுக்கு மொத்தமாக 57,500 டாலர் வரைதான், அதில் பழைய கடனும் சேரும். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான விசா) இருப்பவர்கள் தாராளமாகப் படிக்கலாம், ஆனால் கூட்டாட்சிக் கடன் கிடையாது, படித்து முடித்தபின் வேலை பார்க்க வேலை அனுமதி அட்டையோ பச்சை அட்டையோ வேண்டும். சேருவதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். படித்து முடித்துவிட்டு உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் காத்திருப்பது கொடுமை, எனக்குத் தெரிந்த பெண் ஒருவர் அப்படி இரண்டு வருடம் காத்திருந்தார்.

குழந்தைகள், சமையல், வீடு?

இதைத்தான் எல்லாரும் கடைசியில் தணிந்த குரலில் கேட்கிறார்கள்.

சேருவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். "உதவி பண்றேன்" என்று கணவர் சொல்வது போதாது. உதவி என்றால் பொறுப்பு உங்களுடையதாகவே இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் வேலைகளைப் பிரித்துக் காகிதத்தில் எழுதினோம்: காலை டிபன், பள்ளிக்குக் கொண்டுவிடுவது, வீட்டுப்பாடம், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது, எல்லாம் 15 மாதத்துக்கு அவருடையது. எனக்கு ஞாயிற்றுக்கிழமைச் சமையலும் தூங்க வைக்கும் கதையும். கிளினிக்கல் நாளில் லீவு கிடையாது, ஒரு நாள் போகாவிட்டால் ஈடுசெய்யவேண்டும், இரண்டு நாள் போகாவிட்டால் பாடமே போகும் நிலை வரலாம். அதனால் "பார்த்துக்கலாம்" என்று விடக்கூடியது இது இல்லை.

ஞாயிறன்று மாவு அரைத்துவிடுவேன், சாம்பாரும் குழம்பும் ஒரு வாரத்துக்குப் பிரித்து வைத்துவிடுவேன், மிச்சத்துக்குத் தயிர் சாதம். அந்த 15 மாதமும் யாரையும் விருந்துக்குக் கூப்பிடவில்லை, பல விசேஷங்களுக்குப் போகவில்லை. பேசினார்கள். பேசட்டும்.

மாமியார் ஆறு மாதம் வந்து இருந்தார், பெரிய பலம். ஊரிலிருந்து யாரையாவது வரவழைக்க முடியுமென்றால் முதல் செமஸ்டரில் வரவழைக்காதீர்கள், அப்போது ஒரு வேகம் இருக்கும். நடுவில், மெட்-சர்ஜும் குழந்தை மருத்துவமும் சேர்ந்து வரும் செமஸ்டரில் வரவழையுங்கள்.

குற்ற உணர்ச்சி வரும். சின்னவளின் பள்ளி நாடகத்தை வீடியோவில்தான் பார்த்தேன், இன்றும் அது உறுத்துகிறது. அதற்கு ஆறுதல் எதுவும் எனக்குத் தெரியவில்லை. தினமும் இரவு இருபது நிமிடம் போனையும் புத்தகத்தையும் வேறு அறையில் வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு படுத்தேன், அந்த இருபது நிமிடத்தை எந்தப் பரீட்சைக்கும் கொடுக்கவில்லை.

ஒரு பரீட்சையில் தோற்றுவிட்டேன். எல்லாம் முடிந்துவிட்டதா?

இல்லை. ஆனால் உடனே கணக்குப் போடுங்கள்: மிச்சப் பரீட்சைகளில் எவ்வளவு வாங்கினால் தேர்ச்சி வரும்? பல பள்ளிகளில் 77.9-ஐ 78 ஆக்க மாட்டார்கள், பரீட்சைகளின் சராசரி தேறினால்தான் கட்டுரை, செயல்முறை மதிப்பெண்களையே சேர்ப்பார்கள். உங்கள் பள்ளியின் விதியைக் கையேட்டில் தேடிப் படியுங்கள்.

அடுத்து, அந்த வாரமே ஆசிரியரின் அறைக்குப் போய் விடைத்தாளைப் பாருங்கள். வெட்கப்பட்டுப் போகாமல் இருப்பதுதான் பெரிய தவறு. நான் போனபோது அவர் ஒவ்வொரு தவறான விடையிலும் ஒன்றை மட்டும் கேட்டார்: பாடம் தெரியாததால் தவறா, கேள்வியைச் சரியாகப் படிக்காததால் தவறா, இரண்டு விடைகளுக்கு நடுவில் தவறானதை எடுத்ததா? 68-இல் போன மதிப்பெண்களில் பாதிக்குமேல் மூன்றாவது வகை. எனக்குப் பாடம் தெரிந்திருந்தது, தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை. அன்றிலிருந்துதான் கேள்விகளை வைத்துப் படிக்க ஆரம்பித்தேன், அடுத்ததில் 84.

இரண்டாவது பரீட்சையும் போய்விட்டால், பாடத்திலிருந்து விலகும் கடைசித் தேதியை ஆலோசகரிடம் கேளுங்கள். தோற்பதும் விலகுவதும் ஒன்றில்லை. பெரும்பாலான இடங்களில் ஒரு பாடம் தோற்றால் அடுத்த அணியோடு சேர்ந்து தொடரலாம், இரண்டாவது தோல்விக்குத்தான் வெளியே அனுப்புவார்கள்.

என் ஆங்கிலமும் உச்சரிப்பும் ஒரு பிரச்சினையாகுமா?

உச்சரிப்பைவிட மௌனம்தான் பிரச்சினை. ஆசிரியரிடம் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே கேட்காதவரைப் பார்த்தால் "தயாராக வரவில்லை" அல்லது "தெரியாமல் ஏதாவது செய்துவிடுவார்" என்றுதான் நினைப்பார்கள். தலையை ஆட்டுவதும் அப்படித்தான், நாம் "சரி" என்று பக்கவாட்டில் ஆட்டுவதை அவர்கள் "இல்லை" என்றோ "புரியவில்லை" என்றோ எடுத்துக்கொள்வார்கள். வாய்விட்டுச் சொல்லப் பழகுங்கள்.

டாக்டரிடம் போனில் பேச ஒரு வரிசை சொல்லிக்கொடுப்பார்கள், எஸ்.பி.ஏ.ஆர்.: இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன கண்டேன், எனக்கு என்ன வேண்டும். அதைக் கண்ணாடி முன் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நான்கே வாக்கியம்.

தூக்கமே இல்லை, மனசு உடைந்துபோகிறது.

தூக்கத்தை முதலில் வெட்டாதீர்கள். படித்தது நினைவில் பதிவதே தூக்கத்தில்தான். பரீட்சைக்கு முந்தின இரவு இரண்டு மணி வரை விழித்தால், கூடப் படித்த பத்துப் பக்கத்துக்காக அதற்கு முன் படித்த நூறு பக்கத்தைப் பணயம் வைக்கிறீர்கள். பன்னிரண்டு மணி நேர டியூட்டிக்குப் பின் கண்ணைக் கசக்கிக்கொண்டு கார் ஓட்டுவதும் ஆபத்து.

முதல் மரணத்தைப் பார்ப்பீர்கள். என்னுடைய நோயாளி எண்பது வயதுப் பெண்மணி, வியாழன் அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு பேரன்களைப் பற்றிப் பேசினார், வெள்ளிக்கிழமை காலை அந்தப் படுக்கை காலியாக இருந்தது. அன்று மாலை கிளினிக்கல் முடிந்து எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தபோது ஆசிரியர் என்னைப் பேசச் சொன்னார், பேசினேன், அழுதேன். அதை உள்ளேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பருப்பு தாளித்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியாது. வளாகத்தில் மாணவர்களுக்கு ஆலோசகர் இருப்பார், பெரும்பாலும் இலவசம். போங்கள். நம் வீடுகளில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், எந்த நேரமானாலும், 988 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம் அல்லது குறுஞ்செய்தி அனுப்பலாம்.

குழுவாகப் படிப்பது நல்லதா?

மூன்று பேர் என்றால் நல்லது. எட்டுப் பேர் என்றால் அது அரட்டை. தனியாகப் படித்துவிட்டு வந்து ஒருவரையொருவர் கேள்வி கேட்டால்தான் பலன்.

என்க்லெக்ஸுக்கு எப்போது தொடங்குவது?

நான் சொன்ன மாதிரி முதல் வாரத்திலிருந்தே கேள்விகளை வைத்துப் படித்தால், அப்போதே தொடங்கிவிட்டீர்கள். 2023 ஏப்ரலில் தேர்வு புது வடிவத்துக்கு மாறியது. ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து ஆறு கேள்விகள் வரிசையாகக் கேட்பார்கள்: எது கவலைப்படவேண்டிய அடையாளம், அது எதைக் காட்டுகிறது, எது முதலில், என்ன செய்யலாம், என்ன செய்வாய், செய்தது பலித்ததா. குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, ஐந்து மணி நேரம். கணினி உங்கள் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தை முடிவு செய்யும், அதனால் கேள்விகள் கடினமாகிக்கொண்டே போனால் பயப்படவேண்டாம். பட்டம் முடிந்ததும் ஊருக்குப் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்து எழுதலாம் என்று நினைக்காதீர்கள், சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுங்கள், ஊர் எங்கும் போகாது.

எந்தப் பள்ளி என்று எப்படி முடிவு செய்வது?

சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். அங்கீகாரமும் மாநில நர்ஸிங் வாரியத்தின் அனுமதியும் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் முயற்சியில் எத்தனை சதவீதம் பேர் என்க்லெக்ஸ் தேறினார்கள் என்பதை மாநில வாரியங்கள் வெளியிடுகின்றன. ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள், சேர்ந்த நூறு பேரில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள் என்று பள்ளியிடம் நேராகக் கேளுங்கள். தேற மாட்டார்கள் என்று தோன்றுபவர்களை முன்பே வெளியே அனுப்பினாலும் தேர்ச்சி விகிதம் அழகாகத்தான் இருக்கும். கிளினிக்கல் மருத்துவமனை வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் கேளுங்கள். ஒன்றரை மணி நேரப் பயணம் என்றால் வேறு பள்ளி பாருங்கள்.

வகுப்பு தொடங்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இப்போது என்ன படிக்கட்டும்?

படிக்கவேண்டாம். தூங்குங்கள், பிள்ளைகளோடு எங்காவது போய்வாருங்கள். பாடத்திட்டங்கள் கைக்கு வந்தவுடன் எல்லாப் பாடங்களின் பரீட்சை, கேர் பிளான், கிளினிக்கல் தேதிகளையும் ஒரே பெரிய காலண்டரில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள், வீட்டில் எல்லார் கண்ணிலும் படும்படி. மோதும் வாரங்கள் எவை என்று அப்போதே தெரிந்துவிடும், அந்த வாரங்களுக்கு மட்டும் இப்போதே யாரையாவது உதவிக்குச் சொல்லி வையுங்கள். பிறகு ஒரு நாள் காலை ஆறு மணிக்கே மருத்துவமனைக்கு ஒரு தடவை காரை ஓட்டிப் போய், மாணவர்கள் எங்கே நிறுத்தவேண்டும், அந்த நேரத்தில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.